கைக்கடங்கிய கத்தி



கத்தி வாங்கப் புகுவோர் பலர், அலகு நீள நீளப் பயனும் பெருகும் என்று எண்ணுகின்றனர். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வேட்டையாடி வந்த பின்லாந்து மக்கள் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்துள்ளனர். அவர்கள் இடுப்பில் அணியும் 'பூக்கோ' என்னும் கத்தியின் அலகு பெரும்பாலும் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரையே இருக்கும்; ஏறக்குறைய உள்ளங்கையின் அகலம். மூஸ் என்னும் பெரிய மானை அறுப்பதற்கும், மீனைத் துப்புரவு செய்வதற்கும், விறகைச் சீவித் தீ மூட்டுவதற்கும் இதுவே கருவி.

ஏன் இத்துணைச் சிறிது? விலங்கின் வயிற்றைக் கீறும்போது முனை செல்லும் இடத்தை விரல் உணர வேண்டும். நீண்ட அலகின் முனை கையின் உணர்வுக்கு எட்டாது. அது குடலைக் கிழித்துவிட்டால் இறைச்சி மாசுபடும். ஓர் உயிரைப் போக்கியபின் அதன் ஊனை வீணாக்குவதைவிட இழிந்த செயல் வேட்டைக்காரனுக்கு வேறில்லை.

மடக்குக் கத்தியின் கீலில் குருதியும் கொழுப்பும் தங்கும். அழுத்தும்போது அது மடங்கி விரலை வெட்டவும் கூடும். ஆதலின் நிலைத்த அலகே நன்று. அலகின் இரும்பு பிடிக்குள் ஆழ இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிடி ஈரக்கையிலும் வழுக்கலாகாது. பின்லாந்தினர் பிர்ச் மரத்தின் பட்டையை அடுக்கிப் பிடி செய்வது இதற்காகவே. பழைய பூக்கோவில் கைகாப்பு இராது. அது சீவவும் அறுக்கவும் அமைந்தது, குத்துவதற்கன்று. குத்த முயன்றால் கை வழுக்கிக் கூர்மீது செல்லும்.

கார்பன் எஃகு எளிதில் தீட்டப்படும், ஆனால் துருவேறும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசும் பொறுமை உள்ளவர் அதனைக் கொள்க. மற்றவர்க்குத் துருப்பிடியா எஃகே ஏற்றது. உறை கத்தியை இறுகப் பற்ற வேண்டும்; தலைகீழாய்ப் பிடித்தாலும் கத்தி நழுவி விழலாகாது.

நம் நாட்டில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றமாகும். எனினும் தோட்டத்திலும் அடுக்களையிலும் இவ்விலக்கணங்களே பொருந்தும். பின்லாந்திலுங்கூடத் தக்க காரணமின்றிப் பொதுவிடங்களில் கத்தியுடன் திரிய இன்று சட்டம் இடந்தருவதில்லை. கத்தியைத் தேர்பவர் அதனால் தாம் நாள்தோறும் செய்யப்போகும் வேலை யாது என்று முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும். விடை கிடைத்தபின் பெரிய கத்தியை நாடுவோர் சிலரே.