காற்றைக் கட்டிவைத்த தீவுகள்



ஒரு நிலத்தில் வளம் இருப்பது வேறு. அவ்வளம் அந்நிலத்து மக்களுக்குப் பயன்படுவது வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவைக் கடக்க முயன்ற ஒரு சிறு மக்கட் கூட்டத்தின் கதையே ஈண்டு எடுத்துரைக்கப்பெறுகின்றது.

இசுக்காட்டுலாந்தின் வடகோடிக்கு அப்பால் ஆர்க்கினி என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. அதன்கண் ஏறத்தாழ 20 தீவுகளில் மக்கள் வாழ்கின்றனர். அனைவரையும் சேர்த்து எண்ணினும் 22,000 பேர் அளவினரே. அங்கு மரங்கள் அரியன, காற்றோ ஓய்வதில்லை. தீவுகளுக்கு இடையே ஓதநீர் பேராற்றின் விரைவோடு பாய்கின்றது. கடலாற்றலை ஆய்வதற்கான ஐரோப்பிய நடுவம் 2003ஆம் ஆண்டில் இங்கு நிறுவப்பெற்றது. 2013ஆம் ஆண்டளவில், ஆண்டுக் கணக்கில் நோக்குங்கால், தமக்கு வேண்டுவதினும் மிகுதியான மின்னாற்றலை இத்தீவினர் விளைவித்தனர்.

அவ்வாறாயின், அம்மக்கள் செழித்திருக்க வேண்டும் அல்லவோ? உண்மை நிலை வேறு. தீவுகளைப் பெருநிலத்தோடு இணைத்த கடலடி மின்வடங்கள் சிறியன. காற்று மிகுந்து வீசும் பொழுதெல்லாம், வடம் தாங்காதெனக் காற்றாலைகள் நிறுத்தப்பெற்றன. ஈடே, சாப்பின்சே என்னும் சிறு தீவுகளில் ஊர்ப் பொதுவுடைமையாக ஒவ்வொரு 900 கிலோவாட்டுக் காற்றாலை நின்றது. அஃது ஓடாதிருந்த ஒவ்வொரு நாழிகையும் ஊரின் வருவாய் கரைந்தது. மறுபுறம், வீட்டைச் சூடாக்கும் செலவைத் தாங்க இயலாமல் குடும்பங்கள் வருந்தின. இசுக்காட்டுலாந்தில் எரிபொருள் வறுமை மிக்க பகுதிகளுள் ஆர்க்கினியும் ஒன்று. வெளியே வீணாகும் காற்று, வீட்டுக்குள்ளே குளிர்! இதனினும் கொடிய முரண் உண்டோ?

வடத்தின் வழியே செல்ல இயலாத ஆற்றலை வேறு வடிவில் சேர்த்துவைக்க எண்ணினர். அதற்குத் துணைவந்ததே நீரகம். ஐதரசன் என்னும் அயற்சொல்லுக்கும் நீரை ஆக்குவது என்பதே பொருள். ஆகலின் நீரகம் என்னும் தமிழ்ப்பெயர் முற்றும் பொருந்துவதே. மின்னாற்றலைச் செலுத்தி 9 கிலோ நீரைப் பகுத்தால், 1 கிலோ நீரகமும் 8 கிலோ உயிர்வளியும் பிரியும். அந்நீரகத்தை எரிபொருள் மின்கலத்துள் விட்டுக் காற்றிலுள்ள உயிர்வளியோடு மீண்டும் கூடச் செய்தால், மின்னாற்றலும் வெப்பமும் பிறக்கும். கழிவாக வெளிவருவது நீரே; புகையில்லை, கரியில்லை.

2017ஆம் ஆண்டில் ஈடேயில் அரை மெகாவாட்டு மின்பகுப்புப் பொறி இயங்கத் தொடங்கியது. ஓதநீரோட்டத்தால் விளைந்த மின்னாற்றலைக் கொண்டு நீரகம் ஆக்கப்பெற்றது. அஃது அழுத்த உருளைகளில் அடைக்கப்பெற்று, ஊர்தியில் ஏற்றப்பெற்று, கப்பல் வழியே கேர்க்குவால் நகரை அடைந்தது. அங்கு நிறுவப்பெற்ற 75 கிலோவாட்டு மின்கலம், துறையில் நின்ற கப்பல்களுக்கு மின்னாற்றல் வழங்குவதற்காக அமைந்தது. சாப்பின்சேயில் 1 மெகாவாட்டுப் பொறி அமைந்தது. தீவு மன்றத்தின் 5 ஊர்திகளும் நீரகத்தைப் பயன்கொண்டன.

பெருமக்களே! நிறையைக் கூறுமிடத்துக் குறையையும் மறைத்தல் ஆகாது. 1 கிலோ நீரகத்தை ஆக்க 50 முதல் 55 அலகு மின்னாற்றல் வேண்டும். அதனை மின்கலத்தில் இட்டு மீட்டால் கிடைப்பது 16 அலகு அளவே. பத்தில் ஏழு பங்கு இடைவழியில் கழிகின்றது. ஆகலின், மின்னாற்றலை நேரே பயன்படுத்தக்கூடிய இடத்தில் நீரகத்தை நாடுதல் அறியாமை. வீணே நிற்கும் காற்றாலையின் ஆற்றலைக் காப்பதற்கும், மின்கல அடுக்குகளின் சுமை தாங்காத கப்பல் போன்றவற்றிற்குமே அது தக்கது.

மற்றொரு குறையும் உண்டு. மின்பகுப்புப் பொறிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை. துறைமுக மின்கலம் செருமனியில் செய்யப்பட்டது. பணிகளோ அரசும் ஐரோப்பிய ஒன்றியமும் தந்த பொருளுதவியைச் சார்ந்தே நடந்தன. பிறர் செய்த பொறியைப் பிறர் பணத்தால் வாங்கி நிறுத்துவது மட்டும் ஒரு நிலத்தின் பொருளியல் ஆகிவிடாது. பொறி பழுதானால் அதனைச் செப்பஞ்செய்யும் கை எவருடையது? விளையும் ஊதியம் எவர் பையில் விழுகின்றது? இவ்விரு வினாக்களே பொருளியலின் உயிர்நாடி.

இவ்விடத்தில்தான் ஆர்க்கினி மக்களின் அறிவுடைமை விளங்குகின்றது. காற்றாலையை ஊரின் உடைமையாக வைத்தனர். நீரகத்தை ஏமத்துடன் கையாளக் கப்பற் பணியாளர்க்குப் பயிற்சி வகுத்தனர். அதனைக் கப்பலில் கொண்டுசெல்வதற்கான முறைகளைச் செய்து பார்த்தே கற்றனர். பொருளுதவி ஒருநாள் நிற்கும். பொறியும் ஒருநாள் தேயும். கைவந்த திறமோ அம்மண்ணை விட்டு எளிதில் அகலாது.

2023ஆம் ஆண்டில் 220 மெகாவாட்டு ஆற்றலைச் சுமக்கவல்ல புதிய கடலடி வடத்திற்கு ஒப்புதல் கிட்டியது. வாயில் அகன்றதும் ஆற்றல் முழுதும் வெளியே ஓடிவிடுமோ? அன்றி, அதில் ஒரு பங்கு தீவிலேயே நின்று, தீவின் கப்பலை ஓட்டி, தீவின் இளைஞர்க்குத் தொழில் தருமோ? இதற்கு விடை கூறவேண்டியது வடம் அன்று, மக்களே.

வளத்தை விற்பவன் அன்றன்றைய விலையைப் பெறுகின்றான்; வளத்தை ஆள்பவனே வழிவழி வாழ்வைப் பெறுகின்றான். காற்று எந்நாட்டிலும் வீசும். கதிரவன் எந்நிலத்திலும் எழும். அவற்றை ஆளும் அறிவையும் உடைமையையும் தன் கையில் வைத்துக்கொள்ளும் மக்களே நாளை நிமிர்ந்து நிற்பர். இதனை எண்ணுக, எண்ணித் துணிக!