இறக்கம் கொடுக்கும் மின்சாரம்

தோட்டத் தொழிற்சாலைகளில் மின்வேலை பார்த்தே முப்பது வருஷங்களைக் கழித்துவிட்டு, பண்டாரவளை வீதியும் வெலிமடை வீதியும் வந்து கூடுகிற ஹாலிஎலச் சந்தியில் சிறு கடை வைத்திருக்கும் என்னிடம், படுக்கையும் அடுப்பும் பூட்டிய மின்சார வானில், பிளக்கே இல்லாத காடுமலைகளில் தங்கிப் பிரயாணம் செய்வது சாத்தியமா என்று சிலர் விசாரிக்கிறார்கள்.

சென்ற வருஷம் அப்படியொரு தம்பதி, பண்டாரவளையில் பற்றரியை நூறு வீதம் நிரப்பிக்கொண்டு இறங்கி, சக்கரத்தில் தீய்ந்த வாடை வருகிறதென்று என் வாசலில் நிறுத்தினார்கள். மின்சார வாகனத்தின் விசேஷமே இறக்கத்தில்தான் இருக்கிறது: சாரதி காலை எடுத்த மாத்திரத்தில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியை இழுத்துப் பிடித்தபடி மின்சாரத்தையும் உண்டாக்கிப் பற்றரிக்கு அனுப்பும். ஆனால், நிரம்பிய கூடையில் மேலும் கொழுந்தைத் திணிக்க முடியுமா? பற்றரி மறுக்கவே, பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்துவிட்டது. இரண்டாம் கியரில் இறங்கிப் பழகிய நம் லொறிச் சாரதிகள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மேட்டில் சார்ஜ் ஏற்றுகிறவர்கள் எண்பது வீதத்தில் நிறுத்திக்கொள்வதே விவேகம். பதுளையிலிருந்து பண்டாரவளைக்கு ஏறத்தாழ 500 மீட்டர் உயரம். இரண்டு தொன் வண்டியை அவ்வளவு தூக்குவதற்கே 2.7 யூனிட் வேண்டும், இறங்கும்போது அதில் ஒரு நல்ல பங்கு திரும்பி வரும் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமே.

தங்குவதில் சிரமமில்லை. நிசான் ஈ-என்வி200 வானின் பிந்திய வகையில் 40 யூனிட் பற்றரி இருக்கிறது. குளிர்பெட்டி, விளக்கு, சமையல் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு இரண்டு யூனிட்டுக்குள் அடங்கும். ஓடுவதுதான் சிரமம். கூரையில் 400 வாட் சூரியத் தகடு நல்ல வெயிலில் தருகிற ஒன்றரை யூனிட், ஏழெட்டுக் கிலோமீட்டருக்குமேல் கொண்டுபோகாது. ஊவாவின் மார்கழி மழையில் அதுவும் இல்லை. ஆகவே நாலு நாள் ஓரிடத்தில் தங்கலாம். அப்புறம் ஒரு பிளக்கைத் தேடியே ஆக வேண்டும்.

அந்தத் தம்பதியும் தேடினார்கள். லயக் காம்பிராவொன்றில் அன்போடு கொடுத்த பழைய ஐந்து அம்பியர் பிளக்கில் இரவெல்லாம் சார்ஜ் ஏற்றியதில், விடிவதற்குள் அது கருகி, சுவரில் உள்ளங்கையளவு கரி படிந்திருந்தது. நான்தான் போய்க் கழற்றினேன். நேரமாகிவிட்டது, நேயர்களே, வருகிற பிரயாணிகளிடம் ஒரே விண்ணப்பம்: லயத்து வீடுகளில் தேநீர் கேளுங்கள், சந்தோஷமாகத் தருவார்கள், கரண்ட் மட்டும் கேட்காதீர்கள்.