பந்தயப் பிரயாணமும் குடும்பச் செலவும்
(தண்டலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் தாய் தகப்பன்மார் பலர் இங்கு வந்திருக்கிறீர்கள். பிள்ளையை ஊர் ஊராகச் சதுரங்கப் பந்தயத்திற்கு அழைத்துப் போக நகையை அடகு வைக்கலாமா என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். கேட்டவர் ஒருவரானாலும் கேள்வி அநேகருடையது. ஆதலால் இன்று அதையே பேசுகிறோம்.

2024 டிசம்பர் 12-ந் தேதி சென்னைப் பிள்ளை குகேஷ் சிங்கப்பூரில், 18-வது வயதில், சதுரங்க உலகச் சாம்பியனானார். நாமும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அவர் வீட்டில் நடந்ததென்ன? தகப்பனார் காது மூக்கு தொண்டை டாக்டர். தொழிலை நிறுத்திவிட்டு மகனோடு தேசம் தேசமாய்ப் போனார். தாயார் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. போதாததற்குச் சிநேகிதர்கள் உதவினார்கள். டாக்டர் தம் தொழிலை மறுபடியும் ஆரம்பிக்கலாம். ஒப்பந்தக் கூலிக்காரர் ஒரு மாதம் நின்றால் அந்த வேலை அவருக்காகக் காத்திருக்குமா?

கிராண்ட்மாஸ்டர் பட்டத்திற்கு 2500 புள்ளியும், 'நார்ம்' என்னும் தகுதி மூன்றும் வேண்டும். நார்ம் பெற அந்நிய நாட்டு ஆட்டக்காரர்களோடும் ஆடவேண்டும். விமானச் செலவு வருவது இதனால்தான். தமிழ்நாட்டு ஷியாம் நிகில் இரண்டு நார்மை 2012-க்குள் பெற்றும், மூன்றாவதற்கு 2024 வரை காத்திருந்தார். அவர் இந்தியாவின் 85-வது கிராண்ட்மாஸ்டர். முதல்வரான ஆனந்த் பட்டம் பெற்றது 1988-ல். இத்தனை கோடி ஜனங்களில் 36 வருஷத்திற்கு 85 பேர்!

"ஜெயித்தவர்களைப் பாருங்கள்" என்கிறார்கள். பழைய கிரேக்க தேசத்தில் டயகோரஸ் என்றொரு நாஸ்திகர் இருந்தார். நேர்ந்துகொண்டதால் கடலில் பிழைத்தவர்களின் படங்களை அவருக்குக் காட்டி, "இப்போதாவது நம்புகிறீரா?" என்றார்களாம். நேர்ந்துகொண்டும் மூழ்கிப்போனவர்களின் படம் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம். பயிற்சிக்கூடத்துச் சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்தும் நாம் அதையே கேட்கவேண்டும். மொட்டை போட்டால் பாஸ் என்பதும், கடன் வாங்கினால் சாம்பியன் என்பதும் ஒரே ஜாதி நம்பிக்கைதான்.

கணக்குப் பாருங்கள். நுழைவுக் கட்டணம், இரண்டு பேர் ரயில், தங்குமிடம், சாப்பாடு, போன கூலி எல்லாம் சேர்த்து மாதம் 5,000 என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் வட்டியில்லாமலே 6 லட்சம். அண்ணன் பந்தயத்திற்கு இந்தப் பணம் போய், தங்கை காலேஜிற்கு "இல்லை" என்றால், அது அன்புமல்ல, நியாயமுமல்ல.

அப்படியானால் விளையாட்டே வேண்டாமா? வேண்டும், ஆணுக்கும் வேண்டும், பெண்ணுக்கும் வேண்டும். விளையாட்டினால் உடம்பும் புத்தியும் வளரும், தோற்கவும் பழகலாம். இந்த லாபத்திற்கு உள்ளூர் மைதானமும், பள்ளிக்கூடமும், பக்கத்து ஜில்லாப் பந்தயமுமே போதும். பிள்ளை அதற்குமேல் உண்மையாகவே முந்தினால், கையில் மிஞ்சுவதைச் செலவிடுங்கள். அப்போதும் கடன் வேண்டாம், படிப்பை நிறுத்தவேண்டாம். பிள்ளைக்கே அலுத்துவிட்டால் விட்டுவிடுங்கள். போட்ட பணத்தைத் திருப்பித் தரவேண்டிய கடன்காரனல்ல அவன்.

திறமையுள்ள ஏழைப் பிள்ளையின் வழிச்செலவு பொதுப்பணத்திலிருந்து வரவேண்டும். சர்க்காரையும், இங்கே லாபம் சம்பாதிக்கும் தொழிற்சாலைகளையும் மைதானமும் பயிற்சியாளரும் கேட்டு வாங்குவோம். அதற்காக நாம் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்கலாம். எந்த வீட்டுத் தாலியும் அடகுக் கடைக்குப் போகவேண்டியதில்லை.