மாம்பழமும் மாறும் இறக்குமதி விதிகளும்

2014 மே 1 அன்று இந்திய மாம்பழத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் கதவை அடைத்தது. கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றுக்கும் அதே கதி. முந்தைய ஆண்டு போய் இறங்கிய சரக்குகளில் 207இல் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் பிடிபட்டிருந்தன. கொங்கணத்து அல்போன்சாவுக்கு மே மாதம் பருவத்தின் உச்சம். லண்டனுக்கென்று தரம் பிரித்த பழம் உள்ளூர்ச் சந்தையில் வந்து குவிந்தால் விலை என்னவாகும் என்பதை எந்த விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் அந்தத் தடையை அநியாயம் என்று தள்ளிவிட முடியாது. காய் முற்றும் தறுவாயில் பெண் ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. துளையோ ஊசிமுனை அளவு. புழு சதையைத் தின்றுகொண்டிருக்கும்போதும் பழம் மேலுக்கு மினுமினுப்பாகவே இருக்கும். கண்ணால் பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் இதற்குப் போதாது.

உலக வர்த்தக அமைப்போடு 1995இல் நடைமுறைக்கு வந்த உணவு, தாவர, விலங்கு நல ஒப்பந்தம், தன் மக்களையும் பயிரையும் காக்க விதி வகுக்கும் உரிமையை ஒவ்வொரு நாட்டுக்கும் தருகிறது. அந்த விதிக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும். மாற்றினால் மற்ற நாடுகளுக்கு அறிவிக்கவும் வேண்டும். அறிவிப்பு தலைநகரங்களுக்கு வந்துவிடுகிறது. தோப்புக்கு வந்து சேர்வதுதான் அரிது. உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது.

பூச்சியை அழிக்கும் வழியும் நாட்டுக்கு நாடு வேறு. 1986இல் இந்திய மாம்பழத்தைத் தடுத்த ஜப்பான், நீராவி வெப்பத்தில் பதப்படுத்தும் நிபந்தனையோடு 2006இல் அனுமதித்தது. அமெரிக்கா 2007இல் வழிவிட்டபோது குறைந்தது 400 கிரே கதிர்வீச்சு கேட்டது. அதற்கான நிலையம் நாசிக் அருகே லாசல்கானில் இருந்தது. ஐரோப்பாவுக்கு வெந்நீர்: 48 டிகிரியில் ஒரு மணி நேரம் பழம் முழுக மூழ்கியிருக்க வேண்டும். சூடு மிஞ்சினால் தோல் வெந்துவிடும், குறைந்தால் புழு பிழைத்துக்கொள்ளும். இத்தகைய ஏற்பாடுகளுக்குப் பிறகே 2015 தொடக்கத்தில் மாம்பழத் தடை நீங்கியது. இரண்டு ஏக்கர் தோப்புக்காரர் தனியாக இதற்கெல்லாம் செலவழிக்க முடியாது. பொதுச் சிப்பமிடும் கூடங்களே அவருக்கு வழி.

கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாங்காய்க்கு இந்தத் தொல்லை இல்லை. அது காய்ச்சிய கூழாகக் கப்பலேறுகிறது. ஈயின் முட்டை அதில் தங்காது. பூச்சிமருந்தின் எச்சம் தங்கும். தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துகளுக்கு ஐரோப்பா கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் மட்டுமே அனுமதிக்கிறது; வரம்புப் பட்டியலும் அவ்வப்போது மாறுகிறது. கூழ் ஆலைகள் அந்தப் பட்டியலைத் தமிழில் அச்சடித்து, மரம் பூ எடுக்கும் முன்பே விவசாயி கையில் கொடுத்துவிட வேண்டும். மருந்தடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.