அரிய நோயும் அறக்கொடையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பொதுப்பணிக்கெனப் பணம் திரட்டுவது நமக்குப் புதிதன்று. வாசிகசாலைக்குக் கூரை வேண்டுமென்றாலும், வறிய மாணவனுக்குப் புத்தகம் வேண்டுமென்றாலும், நம் இளைஞர் கொப்பியும் பேனாவுமாய் வீடு வீடாகப் புறப்பட்டுவிடுவர். கூரை கண்ணுக்குத் தெரியும். புத்தகம் பையனின் கையில் இருக்கும். கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் மனநிறைவு. ஆனால், பயன் உடனே கண்ணுக்குத் தெரியாத, கொடுத்தவர் காலத்திற் பலிக்குமோ என்று உறுதி கூற முடியாத ஒரு பணிக்கு நாம் கொடுப்போமா? மிகச் சில குழந்தைகளையே பற்றும் ஒரு பரம்பரை இரத்த நோயின் ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டுவது அத்தகைய பணி. அதனைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

அந்நோய்க்குப் பன்கோனி இரத்தச்சோகை என்று பெயர். சுவிற்சர்லாந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் கைடோ பன்கோனி என்பவர், 1927ஆம் ஆண்டில், ஒரே குடும்பத்திற் பிறந்த மூன்று சகோதரரிடத்து இதனைக் கண்டு எழுதினார். இரத்தம் ஊறும் ஊற்று எலும்பினுள்ளே இருக்கும் மச்சையாகும். இந்நோயுடைய குழந்தைகளிற் பலருக்குப் பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அவ்வூற்று வற்றத் தொடங்குகிறது. குழந்தை வெளிறிச் சோர்கிறது; சிறிது அடிபட்டாலும் உடல் கன்றிப்போகிறது; காய்ச்சல் வந்தால் எளிதில் விடுவதில்லை. சிலர் பெருவிரற் குறையோடு பிறப்பர். சிலர் வயதுக்கேற்ற வளர்த்தி இன்றி இருப்பர். வேறு சிலரிடத்துப் புறக்குறி யாதும் இராது. இரத்தக் குறையைத் தாண்டி வளர்ந்தோருக்கும் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் தோன்றும் அபாயம் மிகுதி.

இதன் காரணம் யாது? நம் உடலின் பெரும்பாலான கலங்களிலும் பரம்பரைச் செய்தியைத் தாங்கும் இரட்டை இழை ஒன்றுண்டு. டி.என்.ஏ. என்பது அதுவே. சில வேளைகளில் அவ்விரண்டு இழைகளும் ஒன்றோடொன்று தகாத முறையிற் பிணைந்துவிடும். அச்சிக்கலை அவிழ்த்துச் செப்பனிடும் வேலையைப் பல மரபணுக்கள் கூடிச் செய்கின்றன. அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும் வேலை நின்றுவிடுகிறது. அத்தகைய மரபணுக்கள் இருபதுக்கு மேற்பட்டவை இதுவரை கண்டறியப்பட்டுள்ளன.

பெரும்பாலான குடும்பங்களில் தாய் ஒரு பழுதையும் தந்தை ஒரு பழுதையும் தாம் அறியாமலே சுமக்கின்றனர். இருவரும் நல்ல சுகதேகிகள். இருவர் பழுதும் ஒரு பிள்ளையிடத்துச் சேரும்போதே நோய் வெளிப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் அவ்வாறு நேரக்கூடிய வாய்ப்பு நாலில் ஒன்று. ஆகவே, தாயின் குறை என்றும், குடும்பத்தின் பாவம் என்றும் அயலார் பேசுவது அறியாமையேயன்றி வேறன்று. நெருங்கிய இரத்த உறவிற் கலியாணம் செய்யும் சமூகங்களில் இத்தகைய நோய்கள் வெளிப்படும் வாய்ப்புச் சற்று அதிகம். மச்சான் மச்சாள் கலியாணம் நம்மிடையேயும் உண்டாதலால் இதனை நாமும் அறிந்திருத்தல் நன்று.

இனி, ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்திற் சட்டமா அதிபராய் இருந்தவர் டேவிட் புரோன்மயர். பின்னர் ஒறிகன் சர்வகலாசாலையின் தலைவராகவும் விளங்கியவர். அவருக்கும் அவர் மனைவி லின் அம்மையாருக்கும் இரண்டு ஆண்களும் மூன்று பெண்களும் பிள்ளைகள். பெண்கள் மூவருக்கும் இந்நோய். பதவியும் கல்வியும் செல்வாக்கும் உடைய அப்பெற்றோர் மருந்தைத் தேடியபோது, மருந்து மட்டுமன்று, மருந்தைத் தேடும் ஆராய்ச்சியாளரே மிகச் சிலர் என்பதை அறிந்தனர். ஆகவே, முதலில் நோயுற்ற பிள்ளைகளின் பெற்றோரை ஒன்றுசேர்த்தனர். 1989ஆம் ஆண்டில் இந்நோயின் ஆராய்ச்சிக்கெனவே ஒரு நிதியம் நிறுவினர். குடும்பங்கள் உற்றார் உறவினரிடமும் நண்பரிடமும் கேட்டுத் திரட்டிய பணம் விஞ்ஞானிகளின் ஆய்வுகூடங்களுக்குச் சென்றது. தனித்தனியே உழைத்த விஞ்ஞானிகளை ஆண்டுதோறும் ஒரே மண்டபத்திற் கூட்டி, கண்டதைத் தம்முட் பகிர்ந்துகொள்ளவும் வழிசெய்தனர்.

அப்பெற்றோர் தம் பிள்ளைகளைக் காப்பாற்றினரா? இல்லை. 1991இல் ஒரு மகள் பன்னிரண்டு வயதில் மறைந்தாள். 1997இல் மூத்தவள் இருபத்துநான்கு வயதில் மறைந்தாள். 2015இல் தந்தை காலமானார். 2016இல் கடைசி மகளும் இருபத்தொன்பது வயதில் மறைந்தாள். முதல் மகள் போன அன்றே, இனி யாருக்காக என்று நிதியத்தை மூடியிருக்கலாம். யாரும் குறை கூறியிரார். அவர்கள் மூடவில்லை. முன்பின் அறியாத பிறர் பிள்ளைகளுக்காக அவ்வேலை தொடர்ந்தது. பெரியோர்களே, கொடை என்பதன் பொருள் இதனினும் தெளிவாக விளங்க வேறிடம் வேண்டுமோ?

இவ்வரிய நோயைப் பற்றிய ஆராய்ச்சியால் விளைந்தவை சிலவற்றைச் சொல்வோம். யாவும் அந்த ஒரு நிதியத்தின் செயல் என்று நாம் கூறவரவில்லை; பல தேசத்தார் உழைப்பு அது.

நோயுற்ற மச்சைக்குப் பதிலாக நல்ல மச்சையை ஏற்றுமுன் கடுமையான மருந்து கொடுப்பது வழக்கம். மற்றையோருக்குக் கொடுக்கும் அளவை இக்குழந்தைகளின் உடல் தாங்குவதில்லை. கலங்களின் இயல்பை ஆராய்ந்தபோதே அதன் காரணம் விளங்கிற்று. பாரிஸ் நகரத்துச் சென் லூயி வைத்தியசாலையில் எலியான் குளுக்மான் அம்மையார் அளவைக் குறைத்துக் கொடுத்து வழிகாட்டினார். சகோதரரின் மச்சை பொருந்திக் கிடைக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் இன்று பிழைக்கின்றனர்.

அதே வைத்தியசாலையில், 1988ஆம் ஆண்டில், இந்நோயுற்ற ஐந்து வயது அமெரிக்கச் சிறுவனுக்கு, அவன் தங்கையின் தொப்புட்கொடி இரத்தம் ஏற்றப்பட்டது. உலகத்தில் அதுவே முதன்முறை. அச்சிறுவன் பிழைத்து வளர்ந்து பெரியவனானான். பிறப்பறையில் வீசியெறிந்த பொருள் அன்றுமுதல் உயிர்காக்கும் மருந்தாயிற்று. இரத்தப் புற்றுநோயுற்றோர் உட்பட உலகெங்கும் பல்லாயிரவர் அதனாற் பயனடைந்துள்ளனர்.

2002ஆம் ஆண்டில் மற்றொன்று வெளிவந்தது. மார்புப் புற்றுநோய் பரம்பரையாக வருதற்குக் காரணமென முன்பே அறியப்பட்டிருந்த பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் மரபணுவே, பன்கோனி நோயின் ஒரு வகைக்கும் காரணம் என்று கண்டனர். அரிதான நோய் என்று ஒதுக்கியிருந்தால், நம் தாய்மாரையும் சகோதரிகளையும் பற்றும் நோயைக் குறித்த அந்த அறிவும் தாமதித்தே வந்திருக்கும்.

ஆயினும் ஒரு கேள்வி எழும். "நம் நாட்டிலேயே தலசீமியாவால் வருந்தும் பிள்ளைகள் பலர் இருக்க, எங்கோ இருக்கும் சிலருக்காக நம் பணமா?" என்று பெரியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தலசீமியாவும் தாய் தந்தை இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும் இரத்த நோயே. அப்பிள்ளைகளுக்கு வாழ்நாள் முழுவதும் அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டும். அவர்களை மறந்து வேறொன்றைச் செய்யுமாறு நாம் சொல்லவில்லை. ஆனால், தொப்புட்கொடி இரத்தத்தால் தலசீமியாப் பிள்ளைகளும் குணமடைந்திருக்கின்றனர் என்பதை அவருக்குச் சொன்னோம். ஒரு நோய்க்கென வெட்டிய வாய்க்காலில் மற்றொரு வயலுக்கும் நீர் பாய்கிறது. பெரியவர் சற்று யோசித்து, "அப்படியானால் இரண்டையும் செய்யுங்கள்" என்றார். அதனையே நாமும் இச்சபையின் முன் வைக்கிறோம்.

இளைஞர்களே, உங்களிடம் வேண்டுவன மூன்று. முதலாவது, தேகசுகமுள்ளோர் ஒழுங்காக இரத்த தானம் செய்யுங்கள். அதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் போதும். இரண்டாவது, ஆண்டுதோறும் நாம் திரட்டும் பொருளில் ஒரு சிறு பங்கைக் குழந்தைகளின் பரம்பரை இரத்த நோய் ஆராய்ச்சிக்கென ஒதுக்குவோம். எவ்வளவு சேர்ந்தது, யாருக்குச் சென்றது என்ற கணக்கைச் சதம் தவறாமல் இம்மலரில் அச்சிடுவோம். மூன்றாவது, நோயுற்ற பிள்ளையின் முகத்தைக் காட்டி இரக்கத்தை விலைக்கு வாங்கவேண்டாம். அப்பிள்ளைக்கும் மானம் உண்டு. உண்மையைச் சொல்லிக் கேளுங்கள், கொடுப்பவர் கொடுப்பர்.

பனங்கொட்டையைப் புதைப்பவன் அதன் நுங்கைத் தான் உண்பேன் என்று எண்ணிப் புதைப்பதில்லை. வடலி வளர்ந்து மரமாகும் நாளில் அவன் இருப்பானோ, அறியான். ஆயினும் நம் முன்னோர் புதைத்தனர், நாம் உண்கிறோம். இனி நாமும் ஒரு கொட்டையைப் புதைப்போம்.