பத்திரத்தை ஏன் மறைக்க வேண்டும்?



தியாகராய நகர் யாரால் உண்டாயிற்று? 1920களில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில், ஏரி நிலத்தைத் தூர்த்து, ஜனங்கள் குடியிருப்பதற்காக அமைக்கப்பட்டு, சர். பி. தியாகராயர் பெயரும் இடப்பட்டது. குடியிருக்க வகுத்த தெருக்களில் இன்று மாடி மாடியாகக் கடைகள் நிற்கின்றன. கடையே கூடாதென்பது நமது வாதமல்ல. "அனுமதி எங்கே?" என்று பக்கத்து வீட்டுக்காரன் கேட்டால் காட்ட மறுக்கிறார்களே, அந்த மறுப்பைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம்.

விதி மீறிய கட்டடங்களைப் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ள 1998ல் சட்டம் வந்தது. ஒரு தடவை மட்டும் என்பதால் சுப்ரீம் கோர்ட்டு 2000ல் அதை அனுமதித்தது. பிறகும் கெடுவை நீட்டிக்கொண்டே போனார்கள். 2006ல் சென்னை ஐகோர்ட்டு அந்த நீட்டிப்புகளைச் செல்லாதென்றது. கெடுவுக்கு முன் கட்டினதா, பின் கட்டினதா என்பதைக் காகிதமின்றி எதைக்கொண்டு அறிவது?

விற்கிறவன் தன் பக்கத்து நிலத்தின் நலனுக்காக "இங்கு கடை வைக்கக் கூடாது" என்று பத்திரத்தில் எழுதுவதுண்டு. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 40வது பிரிவுப்படி, விஷயம் தெரிந்து பின்னால் விலைக்கு வாங்கினவனையும் அது கட்டும். "எனக்குத் தெரியாது" என்று அவன் சொன்னால், பழைய பத்திரம்தான் சாட்சி. அதனால்தான் அது பெட்டிக்குள் போய்விடுகிறது!

வேதத்தைச் சூத்திரன் படிக்கக் கூடாதென்றார்களே, ஏன்? படித்தால் குட்டு வெளிப்படும். பத்திரத்தை மறைப்பவன் புத்தியும் அதுவேதான்.

ஆனால் கோர்ட்டில் இது செல்லாது. 1908ஆம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டத்தின் 11வது ஆர்டர்படி, எதிரியின் கையிலுள்ள தஸ்தாவேஜுகளைப் பிரமாணத்தின்மேல் சொல்லும்படியும் காட்டும்படியும் கேட்கலாம். கோர்ட்டு உத்தரவிட்டும் காட்டாவிட்டால் வாதியின் வழக்கு தள்ளப்படலாம். பிரதிவாதியின் எதிர்வாதம் நீக்கப்படலாம். மறைத்த காகிதம் மறைத்தவனுக்கே விரோதமானது என்று கோர்ட்டு ஊகிக்கலாம் என்பதாக 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமுலிலுள்ள புதிய சட்டமும் அதையே சொல்லுகின்றது. சென்னையிலிருந்து அப்பீலுக்குப் போன ஒரு வழக்கில், முக்கிய தஸ்தாவேஜை மறைப்பது கோர்ட்டையே ஏமாற்றும் மோசடி என்று சுப்ரீம் கோர்ட்டு 1993ல் தீர்ப்பளித்தது. ஆனால் வழக்குக்குச் சம்பந்தமான காகிதத்தைத்தான் கேட்கலாம். எதிரியின் பெட்டி முழுவதையும் குடைய நமக்கு உரிமை கிடையாது.

ஆகவே தோழர்களே! வீடு வாங்குமுன் வில்லங்க சர்டிபிகேட்டோடு நிற்காமல் மூலப் பத்திரங்களையும் படியுங்கள். அனுமதிக் காகிதம் சர்க்காரிடம் இருந்தால், 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாளில் பதில் சொல்லவேண்டும். பெரிய மனிதர் சொல்லுகிறார் என்று நம்பாதீர்கள். காகிதத்தைக் காட்டு என்று கேளுங்கள்! கேட்பதுதான் பகுத்தறிவு.