பாண்டிக்குப் போகும் கருவாடும் கொழும்புக்குப் போகும் உப்பும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எல்லை தாண்டி வியாபாரம் செய்வதைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. நான் பத்தாவது படித்தவள். ஆனா மரக்காணத்துக்காரங்களுக்கு எல்லை புதுசு இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில கனகசெட்டிக்குளம் போனாலே பாண்டிச்சேரி வந்துடுது. 1954 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னாடி அது பிரெஞ்சுக்காரர் சீமை. சாமான் கொண்டு போனா சுங்கச் சோதனை. இப்போ அது இல்லை. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நாடு முழுக்க ஒரே சந்தை என்கிறார்கள்.

சந்தை ஒண்ணுதான். ஆனா நம்மைப் போல சின்ன வியாபாரிக்கு ஒரு கோடு இன்னும் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்கணும்.

தமிழ்நாட்டுக்குள்ள மட்டும் பொருள் விற்கிறவங்களுக்கு வருஷத்துக்கு 40 லட்சம் ரூபாய் வியாபாரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. திண்டிவனம், விழுப்புரம், சென்னை எங்க வேணும்னாலும் விற்கலாம். ஆனா பாண்டி, ஜி.எஸ்.டி. கணக்கில் வேறு மாநிலம் மாதிரி. வரி உள்ள பொருளை அங்கே விற்றால் தொகை எவ்வளவு சின்னதா இருந்தாலும் பதிவு வேண்டும்.

நம்ம கருவாட்டையே எடுத்துக்குங்க. கூடையில வெச்சு சில்லறையா எடை போட்டுக் கொடுத்தா வரி கிடையாது. அதே நெத்திலிக் கருவாட்டைச் சுத்தம் பண்ணி, பாக்கெட் போட்டு, பேர் அச்சடிச்சு ஒட்டினா 5 சதவீதம் வரி. பாக்கெட் போட்டாதான் நல்ல விலை. பாக்கெட் போட்டாதான் பெரிய கடைக்காரர் வாங்குவார். ஆனா "பில் இருக்கா, ஜி.எஸ்.டி. நம்பர் இருக்கா?" என்று அவர் முதல்ல கேட்பார். எங்கள் குழுவையும் பாண்டியில் ஒரு கடையில் அப்படிக் கேட்டுத் திருப்பி அனுப்பினாங்க. உப்புக்கு மட்டும் மூட்டையானாலும் பாக்கெட்டானாலும் வரி இல்லை. ஆனா சாப்பாட்டு உப்பில் அயோடின் சேர்த்திருக்க வேண்டும். பாத்தியிலிருந்து வாரியதை அப்படியே சமையலுக்கு என்று விற்கச் சட்டம் இடம் கொடுக்காது.

சரி, ஒவ்வொரு குழுவும் பதிவு செஞ்சா என்ன என்று கேட்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆனா வியாபாரம் நடக்காத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யணும். தவறினால் நாளுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம் ஏறிக்கிட்டே போகும். மழைக்காலத்துல உப்பளத்திலும் வேலை இல்லை, கருவாடும் காயாது. அப்போ யார் கட்டுறது?

அதனால என் கோரிக்கை இதுதான். கூட்டமைப்பு ஒரே ஒரு ஜி.எஸ்.டி. எண் வாங்கட்டும். குழுக்கள் சரக்கைக் கூட்டமைப்புக்கு விற்கட்டும். அது தமிழ்நாட்டுக்குள் நடக்கிற விற்பனை. 40 லட்சம் வரம்புக்குள் இருக்கிற குழுவுக்குப் பதிவுச் சுமை வராது. பாண்டிக்கும் பெங்களூருக்கும் பில் போடுவது கூட்டமைப்பு. கணக்கு எழுத ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுத்தா போதும்.

இந்தக் கதவு திறந்தா கடலுக்கு அந்தப் பக்கமும் பார்க்கலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான தடையற்ற வணிக ஒப்பந்தம் 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2025-ல் மழையால இலங்கையில் உப்பு விளைச்சல் கெட்டபோது இந்தியாவிலிருந்து கப்பலில் உப்பு போனது. வெளிநாட்டுக்கு அனுப்ப ஐ.இ.சி. என்ற எண் வேண்டும். பான் எண்ணே அந்த எண், கட்டணம் 500 ரூபாய். ஒப்பந்தச் சலுகை கிடைக்க, சரக்கு நம் நாட்டில் விளைந்தது என்று பிறப்பிடச் சான்றிதழும் வேண்டும். ஒரு கன்டெய்னர் நிரப்ப 20 டன்னுக்கு மேல உப்பு வேண்டும். தனிக் குழுவால் அது நடக்காது. பல குழு சேர்ந்தா நடக்கும்.

கதவு திறந்தா நாம வெளியே போறது மட்டும் இல்லை, வெளியாளும் உள்ளே வருவான். ரேஷனில் வாங்குகிற பாமாயில் மலேசியா, இந்தோனேசியாவில் விளைகிற பனையில் எடுத்தது. அது வந்த பிறகு கடலை எண்ணெய்ச் செக்குக்காரர் பட்ட பாட்டை நாம பார்த்தோம். உப்பிலும் நாட்டின் விளைச்சலில் பெரும்பங்கு குஜராத்தில்தான். விலைக் குறைப்பில் அவங்களோட போட்டி போட முடியாது. சுத்தத்திலும் சொன்ன நாளில் கொடுக்கிறதிலும் தான் நாம ஜெயிக்க முடியும்.

கடைசியா பணத்தைப் பற்றி. ஒரே ஊர், ஒரே வாங்குபவர் என்று சங்கப் பணத்தை முழுசா இறக்கக் கூடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டப்போ இறால் பண்ணைக்காரங்க கலங்கிப் போனாங்க. அதனால முதல் சரக்குக்கு லாபத்திலிருந்து மட்டும் போடுவோம். உறுப்பினர் சேமிப்பைத் தொட வேண்டாம். முன்பணம் வாங்காமல் எல்லை தாண்டி அனுப்ப வேண்டாம்.

ஒரே எண் வாங்குவதை அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கும்படி தலைவி அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன். கை தூக்குறதுக்கு முன்னாடி எல்லாரும் கேள்வி கேளுங்க.